முழுக்க மிதித்தாலும் இறங்காத கியர்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

டெக்சாஸில் வசிக்கிறேன். 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396 வைத்திருக்கிறேன், டர்போ 400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஹைவேயில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் மூன்றாவது கியரிலேயே கிடக்கிறது. பெடல் பக்கத்து கிக்டவுன் சுவிட்ச் (முழுக்க மிதித்ததும் கியரை இறக்க வைப்பது) உடைந்திருந்ததால் புதியது மாட்டி, இக்னிஷன் காயிலின் பிளஸ்ஸிலிருந்து கரண்ட் எடுத்தேன். இப்போது முழு மிதியில் எஞ்சினும் திணறுகிறது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். முதலில் காயிலிலிருந்து எடுத்த வயரைக் கழற்றுங்கள். பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகக் காயிலின் கரண்ட்டைத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த இந்த வண்டியில் காயிலுக்கு மின்தடை வயர் வழியாகத்தான் கரண்ட் வருகிறது. ஓடும்போது முழு 12 வோல்ட் அங்கே கிடைக்காது. அதிலேயே கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சாலினாய்டையும் (கரண்ட் வந்தால் இழுக்கும் மின்காந்த வால்வு) தொங்கவிட்டால், நல்ல ஸ்பார்க் தேவைப்படும் அதே நொடியில் காயில் பட்டினி கிடக்கும், சாலினாய்டும் சரியாக இழுக்காது. உங்கள் இரண்டு தொல்லைக்கும் இந்த ஒரு வயரே காரணமாக இருக்கலாம்.

டர்போ 350 போல 400-ல் கிக்டவுன் கேபிள் கிடையாது. பெடல் தரையைத் தொட்டதும் சுவிட்ச் இணைந்து, கியர்பாக்ஸின் இடப்பக்க முனைக்கு 12 வோல்ட் போகிறது. உள்ளே சாலினாய்டு ஆயில் வழியைத் திறக்க, கியர் இறங்குகிறது. ஏறக்குறைய 110 கி.மீ. வேகத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருந்தாலும் இறங்காது. அதையும் கவனித்துவிடுங்கள்.

புது வயரிங்குக்கு ஃபியூஸ் பாக்ஸில் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் முனை, 10 ஆம்பியர் ஃபியூஸ், 16 கேஜ் வயர் போதும். ஃபியூஸிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து கியர்பாக்ஸ். எர்த் தனியாக வேண்டாம், சாலினாய்டு கியர்பாக்ஸ் உடல் வழியாகவே எர்த் ஆகிறது. ஆனால் எஞ்சினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையிலான பட்டை உறுதியாக இருக்க வேண்டும். வயரை எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து விலக்கி, உறை போட்டுக் கட்டுங்கள். இந்த வேலையில் அதிகம் உருகுவது அந்த இடம்தான்.

சுவிட்சை மாட்டியதும் அதன் தண்டை முன்பக்கமாக முழுக்கத் தள்ளிவிட்டு, பெடலை ஒரு முறை தரைவரை மிதியுங்கள். அதுவே தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன், எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவரை மிதிக்கச் சொல்லி, கார்புரேட்டர் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். தடித்த தரைவிரிப்பு ஒன்றே பெடலைத் தடுத்துவிடும். சிலர் கார்புரேட்டர் பக்கமாகவே மைக்ரோசுவிட்ச் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிராக்கெட் கொஞ்சம் வளைந்தாலும் த்ராட்டில் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும்.

சோதனை எளிது. எஞ்சின் ஓடாமல், சாவியை மட்டும் திருப்பி, பெடலை அடிவரை மிதித்தால் காருக்கு அடியிலிருந்து 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வயர் கழற்றாமல், பெடலை மிதித்தபடியே கியர்பாக்ஸ் முனையில் மீட்டர் வையுங்கள். பேட்டரி வோல்டேஜைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கோளாறு வயரிங்கில். முழு வோல்டேஜ் வந்தும் சத்தமில்லை என்றால் மட்டுமே சாலினாய்டைச் சந்தேகிக்கலாம்.

அப்போதும் கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை. 13 போல்ட் கழற்றி ஆயில் பேனை எடுத்தால் சாலினாய்டு கைக்கு எட்டும். முனையின் உட்பக்கக் கனெக்டரும் கழன்றிருக்கிறதா பாருங்கள். பேனை எடுத்ததே எடுத்தீர்கள், ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். திரும்ப ஊற்ற சுமார் 4 லிட்டர் டெக்ஸ்ரான் கியர்பாக்ஸ் ஆயில் ஆகும். எஞ்சினை ஓடவிட்டு, பார்க்கில் வைத்து, டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள்.

வயரிங் முடிந்தபின் மெதுவாக ஓட்டும்போதும் கியர் தாமதமாக ஏறினால், கியர்பாக்ஸ் முனை வயரைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். சரியானால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகாவிட்டால் வேக்கம் மாடுலேட்டரின் (எஞ்சின் வேக்கத்தை வைத்து கியர் மாறும் நேரத்தைச் சரிசெய்யும் பாகம்) ரப்பர் குழாயைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டர் கிழிந்திருக்கிறது.