நேம் கார்டில் எதை எடுத்துவிடுவது?

கேள்வி: வீட்டிலேயே முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை செய்து விற்கிறேன். தீபாவளிக்கு ஆர்டர் குவியும், மற்ற மாதங்களில் கல்யாண வீடுகள்தான். அக்காள் மகன் நேம் கார்டு ஒன்று செய்து கொடுத்தான். மெரூன் நிறத்தில் தங்க எழுத்து, லட்சுமி படம், 14 பலகாரங்களின் பெயர், 3 போன் நம்பர். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்கிப் பார்ப்பவர்கள், "எந்த நம்பருக்குக் கூப்பிடுவது?" என்று கேட்கிறார்கள். அச்சுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இப்படியே கொடுக்க வேண்டாம், சகோதரி. அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. நீங்கள் எடுக்கும் நம்பர் ஒன்று போதும். வாட்ஸ்அப்பும் அதிலேயே இருக்கட்டும். 14 பலகாரங்களில் உங்கள் கைப்பக்குவத்துக்குப் பேர் வாங்கித் தந்தது எதுவோ, அதைப் பெரிதாகப் போட்டு, கீழே "கல்யாணம், தீபாவளி ஆர்டர்கள் ஏற்கப்படும்" என்று ஒரு வரி. மற்றதைக் கூப்பிடுகிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

லட்சுமி படத்தையும் எடுத்துவிடுங்கள். நேம் கார்டு காற்சட்டைப் பைக்குள் போகும், காடியில் காலடியில் கிடக்கும், கடைசியில் குப்பைக்கும் போகும். சாமி படம் அங்கெல்லாம் கிடக்க உங்களுக்கே மனம் வராது.

அடுத்தது தமிழ் எழுத்து. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இல்லஸ்ட்ரேட்டர் போன்ற மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், "தேன்குழல்" என்பதில் 'த' முன்னால் வந்து, கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கும். அச்சகத்தில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது கண்ணில் படாது. எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எந்தக் கணினியிலும் மாறாத கோட்டு வடிவங்களாக, மாற்றிய பிடிஎஃப்பாகக் கொடுக்கச் சொல்லுங்கள். மாதிரித் தாளை வாங்கி, ஒவ்வொரு கொம்பையும் புள்ளியையும் நீங்களே பாருங்கள். தமிழை ஆங்கிலத்தைவிட ஓர் அளவு பெரிதாகவே வையுங்கள். பொடி எழுத்தில் 'ஞ', 'ணை' எல்லாம் மை அப்பி அடைந்துபோகும். மெரூன் மேல் தங்கம் வேண்டவே வேண்டாம். வயதானவர்கள் கடை வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

முன்பக்கம் தமிழும் ஆங்கிலமும் போதும். மலாய்க்கார அண்டை வீட்டாரும் வாங்குகிறார்கள் என்றால் ஒரு வரி மலாய் சேருங்கள். ஆனால் சான்றிதழ் இல்லாமல் ஹலால் சின்னம் போடாதீர்கள். மலேசியாவில் ஹலால் சான்றிதழ், சின்னம் பற்றிய 2011 ஆணைப்படி அது குற்றம். "சைவம்" என்று தாராளமாகப் போடலாம்.

கியூஆர் கோடு வைப்பதானால் 2 செ.மீ.க்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும். வாட்ஸ்அப் இணைப்பில் நம்பரின் முதல் சுழியத்தை எடுத்துவிட்டு, மலேசியாவின் நாட்டுக் குறியீடான 60-ஐ முன்னால் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்து, வேலை செய்யாத கியூஆர் கோடை அச்சிட்டுவிடுகிறார்கள். அச்சுக்கு முன் வேறொருவர் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

அளவு 90-க்கு 54 மி.மீ., தாளின் கனம் 310 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கேளுங்கள். முன்பக்கம் மட்டும் மேட் லாமினேஷன், அதாவது பளபளக்காத மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. பின்பக்கத்தை லாமினேஷன் இல்லாமல் விட்டால், ஆர்டர் தேதியையும் கிலோ கணக்கையும் பேனாவால் எழுதிக் கொடுக்கலாம். முதலில் 100 மட்டும் டிஜிட்டலில் அடித்துப் பாருங்கள், ஆயிரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. கார்டைப் பலகார டப்பாவுக்குள் போடாதீர்கள், எண்ணெய் ஊறிவிடும். மூடியின் மேல் டேப் ஒட்டிக் கொடுங்கள்.