பாங்காக்ல ரெண்டு ஏர்போர்ட், நடுவுல மூணு மணி நேரம்

சென்னைல இருந்து பாங்காக் போய் இறங்கி, மூணு மணி நேரத்துல ஃபுக்கெட் தீவுக்கு அடுத்த ஃபிளைட்டைப் பிடிக்கலாமான்னு கேட்டா, பத்தாது, ஃபுக்கெட் டிக்கெட்டை சாயங்காலத்துக்கு மாத்திருங்க. சென்னைல இருந்து நீங்க இறங்குறது சுவர்ணபூமி, ஃபுக்கெட் ஃபிளைட் கிளம்புறது டான் முவாங். ரெண்டும் வேற வேற ஏர்போர்ட், ஊரோட கிழக்குல ஒண்ணு வடக்குல ஒண்ணு.

சீப்பா கிடைக்குதேன்னு ரெண்டு டிக்கெட்டையும் தனித்தனியா போட்டிருப்பீங்க, சர்ச்ல வெறும் பாங்காக்னு மட்டும் காட்டியிருக்கும். டிக்கெட்டை எடுத்து மூணெழுத்து கோடைப் பாருங்க, பி.கே.கே.ன்னா சுவர்ணபூமி, டி.எம்.கே.ன்னா டான் முவாங்.

தனி டிக்கெட்னா பெட்டி தானா மாறாது, இமிக்ரேஷன் முடிச்சு பெல்ட்ல எடுத்துக்கிட்டு நீங்கதான் தூக்கிட்டுப் போகணும், அந்த கியூவே சில நாள் ஒரு மணி நேரம் தின்னுரும். அப்புறம் ரெண்டாவது மாடில மூணாம் நம்பர் கேட்டுக்கு வாங்க, ஃபுக்கெட் டிக்கெட்டைக் காட்டினா ஃப்ரீ ஷட்டில் பஸ் இருக்கு. டிராஃபிக் இல்லேன்னா ஒரு மணி நேரம், மழையும் ஆபீஸ் டைமும் சேர்ந்தா சொல்லவே வேணாம். டாக்ஸின்னா மீட்டருக்கு மேல 50 பாத் ஏர்போர்ட் சார்ஜ், டோல் தனி. ரயில் மாறிப் போகலாம்தான், ஆனா பெட்டியோட நான் போக மாட்டேன்.

ஒண்ணு கவனம், முதல் ஃபிளைட் லேட்டாகி ரெண்டாவது மிஸ் ஆச்சுன்னா தனி டிக்கெட்ல யாரும் பொறுப்பேத்துக்க மாட்டாங்க. தாய்லாந்துக்குள்ள நுழையறதுக்கு நிரப்புற டிஜிட்டல் அரைவல் கார்டையும் இறங்குறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல ஃபில் பண்ணிருங்க, அது ஃப்ரீ, காசு கேக்குற சைட் பக்கம் போகாதீங்க.