அல்ட்ராவைட் மாட்டினதும் வட்டம் முட்டையாகுது, எழுத்து மங்குது: ஸ்கேலிங் கேள்வி-பதில்

34 இன்ச் அல்ட்ராவைட் (சாதாவ விட அகலமான மானிட்டர்) வாங்கி பழைய லேப்டாப்ல எச்டிஎம்ஐ கேபிள் போட்டேன். எல்லாமே அகலமா இருக்கு, வட்டம் முட்டை மாதிரி தெரியுது. பேனல் கோளாறா, திருப்பிக் குடுத்துடவா?

இருங்க இருங்க, பேனல் மேல பழி போடாதீங்க. அந்த மானிட்டரோட சொந்த ரெசல்யூஷன் 3440x1440, ஆனா லேப்டாப் 1920x1080 தான் அனுப்புது, மானிட்டரும் கெடச்சத இழுத்து முழு ஸ்கிரீனுக்கும் பரப்பிடுது, அதனால எல்லாமே மூணுல ஒரு பங்கு கூடுதல் அகலமா தெரியுது. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 3440x1440 இருக்கான்னு பாருங்க. இல்லன்னா பெரும்பாலும் வழியில தான் சிக்கல். பழைய லேப்டாப்ல எச்டிஎம்ஐ 1.4 தான் இருக்கும், அதுல இந்த ரெசல்யூஷன் சிலதுல 30 இல்ல 50 ஹெர்ட்ஸ்ல வரும், சிலதுல லிஸ்ட்லயே வராது. கிராபிக்ஸ் டிரைவர அப்டேட் பண்ணுங்க, டிஸ்ப்ளே போர்ட்டோ படம் அனுப்புற யூஎஸ்பி-சியோ இருந்தா அதுல மாட்டுங்க. நடுவுல சின்ன ஹப் ஒண்ணு இருந்தா மொதல்ல அத கழட்டி வச்சுட்டு நேரடியா மாட்டிப் பாருங்க, நெறைய தடவ குற்றவாளி அது தான். இன்னொண்ணு, மானிட்டர் மெனுல பிபிபி மோட் (ரெண்டு கம்ப்யூட்டர் படத்த பக்கத்துல பக்கத்துல காட்டுறது) ஆன்ல இருந்தா அது தன்னப் பாதி மானிட்டர்னு சொல்லி 1720x1440 மட்டும் காட்டும், அதையும் ஒரு பார்வ பாத்துடுங்க.

எழுத்து பொடிப்பொடியா இருக்குன்னு 2560x1080 ஆக்கினேன். பெருசாச்சு, ஆனா கண்ணுக்கு மேல ஏதோ படலம் மாதிரி இருக்கு.

இத தான் நான் திரும்பத் திரும்ப சொல்றேன், எழுத்து பெருசா வேணும்னா ரெசல்யூஷன்ல கை வைக்காதீங்க. மூணு பிக்சலுக்கான தகவல நாலு பிக்சல்ல நெரவச் சொன்னா அது எப்படி நெரவும், ஓரமெல்லாம் கலங்கும். ண, ழ மாதிரி சுழி உள்ள எழுத்துல தான் அது பளிச்சுனு தெரியும், அதனால நான் எப்பவும் தமிழ்ப் பக்கம் ஒண்ணத் தொறந்து வச்சு தான் செக் பண்ணுவேன். ரெசல்யூஷன 3440x1440க்கே திருப்பிட்டு, விண்டோஸ்ல சிஸ்டம், டிஸ்ப்ளே, ஸ்கேல்னு (ரெசல்யூஷன மாத்தாம எழுத்தையும் பட்டனையும் பெருசாக்குறது) போய் 125 சதவீதம் வைங்க.

150 வேணாமான்னு கேப்பீங்க. அல்ட்ராவைட்டுக்கு அகலம் தாராளம், உயரம் தான் கஞ்சத்தனம். 34 இன்ச் அல்ட்ராவைட்டும் 27 இன்ச் சாதா மானிட்டரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். 125 வச்சா உயரத்துல 1152 அளவுக்கு எடம் மிஞ்சும், 150 வச்சா 960 தான், அதாவது சாதா 1080 ஸ்கிரீன விட கம்மி, இவ்ளோ பெருசா வாங்கி வச்சுட்டு ஸ்க்ரோல் பண்ணிட்டே இருக்கணும். 125கூட அதிகமா தெரிஞ்சா ஸ்கேல 100ல விட்டுட்டு அக்சசிபிலிட்டில டெக்ஸ்ட் சைஸ மட்டும் ஏத்துங்க, என் ஓட்டு அதுக்குத் தான்.

லேப்டாப் ஸ்கிரீன்ல பளிச்சுனு இருக்குற கணக்கு சாஃப்ட்வேர அல்ட்ராவைட்டுக்கு இழுத்தா மங்கிடுது. பிரவுசர் நல்லாத்தான் இருக்கு.

லேப்டாப்ல 150, மானிட்டர்ல 100 வச்சிருப்பீங்க. அது தப்பில்ல, 14 இன்ச் ஃபுல் எச்டி லேப்டாப்புக்கும் 34 இன்ச்சுக்கும் அப்படி வச்சா தான் எழுத்து ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே சைஸ்ல வரும். பிரவுசர் மாதிரி புது ஆப் ஸ்கிரீன் மாறினதும் தன்ன திரும்ப வரைஞ்சுக்கும், பழைய சாஃப்ட்வேருக்கு அந்த விஷயமே தெரியாது, அதனால விண்டோஸ் அத ஃபோட்டோ மாதிரி எடுத்து சுருக்கியோ விரிச்சோ காட்டுது. அந்த சாஃப்ட்வேரோட ஃபைல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதுல ஹை டிபிஐ செட்டிங்ஸ் மாத்துற பட்டன், கீழ ஓவர்ரைடு டிக் பண்ணி சிஸ்டம் என்ஹான்ஸ்டு வைங்க. சரியாகலன்னா அப்ளிகேஷன்னு வைங்க, கூர்மையா வரும் ஆனா சைஸ் ஏறுக்கு மாறா ஆகலாம். ரெண்டும் ஆகலன்னா அல்ட்ராவைட்ட மெயின் டிஸ்ப்ளே ஆக்கிட்டு சைன் அவுட் பண்ணி உள்ள வாங்க, பாதி சாஃப்ட்வேர் அதுலயே அடங்கிடும்.

மேக்ல மாட்டினா எழுத்து மெலிஞ்சு போய் இருக்கு, விண்டோஸ்ல அதே மானிட்டர் நல்லா இருக்கு. ஏன்?

2018ல வந்த மொஹாவேங்கிற மேக்ஓஎஸ்ல இருந்து சப்பிக்சல் (பிக்சலுக்குள்ள இருக்குற சிவப்பு, பச்சை, நீலப் புள்ளி) வழியா எழுத்த மெருகேத்துற வேலைய மேக் விட்டுடுச்சு. ரெண்டு மடங்கு பிக்சல் இருக்குற ரெடினா ஸ்கிரீன மனசுல வச்சு தான் அங்க எல்லாம் நடக்குது, உங்களோடது இன்ச்சுக்கு சுமார் 110 பிக்சல், அரைகுறையா மாட்டிக்குது. பெட்டர்டிஸ்ப்ளேனு ஒரு டூல் இருக்கு, அது எச்ஐடிபிஐ மோட (ரெடினா மாதிரி ரெண்டு மடங்கு கூர்மையா வரையுறது) வரவழைக்கும், முழு ரெடினா மாதிரி ஆகாது, ஆனா வித்தியாசம் தெரியும். இனிமே தான் வாங்கப் போறீங்கன்னா 40 இன்ச் 5120x2160 பாருங்க, மேக்குக்கு அது பொருந்தும்.

சிவப்பு எழுத்து மட்டும் ஓரம் பிசிறா இருக்கே?

ஸ்கேலிங் இல்ல, கலர் சிக்னல். கிராபிக்ஸ் கண்ட்ரோல் பேனல்ல ஒய்சிபிசிஆர் 422ன்னோ 420ன்னோ (நிறத் தகவல கொறச்சு அனுப்புறது) இருந்தா ஆர்ஜிபி (முழு நிறத் தகவலும் அனுப்புறது) ஆக்குங்க. ஆர்ஜிபி வர மாட்டேங்குதுன்னா கேபிளால அவ்ளோ தகவல் தாங்க முடியல, ரெஃப்ரெஷ் ரேட்ட (அந்த ஹெர்ட்ஸ் கணக்கு) ஒரு படி எறக்குங்க.

கேம் ஆடும்போது ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, சினிமா பாத்தா நாலு பக்கமும்!

கேம் 16:9க்கு (சாதா மானிட்டரோட அகல-உயர விகிதம்) மேல போகாதுன்னா பக்கத்துக்கு 440 பிக்சல் காலியா தான் இருக்கும், இழுத்து நெரப்பினா மறுபடி முட்டை வட்டம் தான், விட்டுடுங்க. சினிமா கத வேற, படம் அகலமா இருந்தாலும் மேலயும் கீழயும் கறுப்ப வீடியோவுக்குள்ளயே சேத்து 16:9 ஆக்கி வச்சிருக்காங்க. பிரவுசர்ல அல்ட்ராவைட் எக்ஸ்டென்ஷன் போட்டா ஜூம் பண்ணி வெட்டிடும், சப்டைட்டிலும் சில சமயம் அதோட சேந்து வெட்டுப்பட்டுடும்.

மவுஸ் லேப்டாப்ல இருந்து மானிட்டருக்குப் போறப்ப ஓரத்துல முட்டிக்குது.

டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல இருக்குற ரெண்டு கட்டத்தையும் மேசைல எப்படி வச்சிருக்கீங்களோ அப்படியே நகத்தி வைங்க. விண்டோஸ் 11ல மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் கீழ கர்சர் நகர்வ சுலபமாக்குற டிக் ஒண்ணும் இருக்கு, அதையும் போட்டுடுங்க.