படத்தைத் திருப்பிப் பாருங்கள்

(ஜார்ஜ்டவுன் சூலியா ஸ்திரீட் பக்கத்துச் சந்தில் 31 ஆண்டு பிரேம் கடை வைத்திருந்தவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற தாதி. பேர் சொன்னால் தெரிகிற மூத்த ஓவியர் ஒருவரின் அக்ரிலிக் ஓவியம் ஒரு காலரியில் விற்பனைக்கு இருக்கிறது. படகுத்துறைக் காட்சி, விலை 6,500 வெள்ளி. அவர் அச்சுப்படங்களும் செய்கிறவராம். பக்கத்திலேயே அதே படகுத்துறை காகிதத்தில் இருக்கிறது. கீழே பென்சிலில் 18/40 என்று எழுதியிருக்கிறது, 700 வெள்ளி. கேட்டால் இரண்டுமே ஒரிஜினல் என்கிறார்கள். அது எப்படி? சேமநிதிப் பணம், அதனால்தான் கேட்கிறேன்.
— பாயான் லெப்பாஸ் வாசகி

பதில்: அம்மா, இரண்டும் ஒரிஜினலாக இருக்கலாம். படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் "இருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கித்தானில் தூரிகையால் தீட்டியது உலகத்தில் ஒன்றே ஒன்று. அதில் குழப்பமில்லை. காகிதப் படத்தின் சங்கதி வேறு. எட்சிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர் செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை அப்பி, மேலே படிந்ததைத் துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளைக்கு நடுவே அழுத்தி எடுப்பார். அடுத்த தாளுக்கு மறுபடி மை, மறுபடி துடைப்பு. இப்படி நாற்பது தடவை. கல் ஒன்று, மாவு ஒன்று என்றாலும் ஒவ்வொரு தோசையும் கையால் வார்த்ததுதானே? தகடு வெறும் கருவி. படம் தாளில்தான் பிறக்கிறது. அதனால் நாற்பதும் ஒரிஜினல். 40 பேர் வீட்டில் இருப்பதால் விலை குறைவு, அவ்வளவுதான்.

18/40 என்றால் 40 தாளில் 18 என்று எண் போட்டது. 1/40 உசத்தி, 40/40 மட்டம் என்று சிலர் சொல்வார்கள்; காதில் வாங்காதீர்கள். டிரைபாயின்ட் ஒரு விதிவிலக்கு. அதில் அமிலம் கிடையாது, ஊசியால் தகட்டை நேரே கீறுவார்கள். கீறலின் விளிம்பில் எழும் பிசிறு அழுத்த அழுத்தத் தேய்ந்துவிடும் என்பதால் முதலில் எடுத்த தாள்களில்தான் அந்தக் கருமை நிற்கும். எண்ணுக்குப் பதில் ஏ.பி. என்று இருந்தால், அது ஓவியர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட தாள்.

இதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸில் அட்லியே 17 என்று ஓர் அச்சுப்பட்டறை இருந்தது. (17 என்பது அது ஒரு காலத்தில் இருந்த தெருவின் கதவு எண்.) ஆந்திராவில் பிறந்த கிருஷ்ணா ரெட்டி அங்கேதான் ஒரே தகட்டில் பல நிறங்களை ஒன்றாக எடுக்கும் முறையை வளர்த்தெடுத்தார். ஒரு மையில் எண்ணெய் கூட, இன்னொன்றில் குறைவு. ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். நம் மலேசிய ஓவியர் லோங் தியன் ஷியும் அந்தப் பட்டறையில் கற்றவர்தான்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். "அதே படகுத்துறை" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அந்த "அதே". ஓவியர் ஒரே காட்சியைக் கித்தானிலும் தகட்டிலும் தனித்தனியாகச் செய்திருந்தால் சந்தோஷம். அப்போது இரண்டும் கொஞ்சமாவது வேறுபடும். தகட்டில் கீறியது தாளில் இடம் வலம் மாறி விழும் என்பதால் படகே எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படியில்லாமல், தூரிகைத் தடம் உட்பட ஓவியம் அப்படியே காகிதத்தில் இருந்தால், அது ஓவியத்தைப் போட்டோ எடுத்து இங்க்ஜெட்டில் அடித்தது. ஜிக்ளே என்று பிரெஞ்சுப் பெயர் சொல்வார்கள். அதற்கும் எண் போடுவார்கள், ஓவியரும் கையெழுத்துப் போடுவார். வாங்குவது தப்பில்லை. ஆனால் அது நகல், நகலுக்கு உண்டான விலைதான் கொடுக்க வேண்டும். காலரியில் "இது ஒரிஜினலா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இது தகட்டில் எடுத்ததா, போட்டோவில் எடுத்ததா?" என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டு நீங்களும் பாருங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். இங்க்ஜெட் என்றால் நிறமெல்லாம் பொடிப்பொடிப் புள்ளியாகத் தெரியும். எட்சிங் என்றால் மை கோடாக, லேசாகப் புடைத்து நிற்கும். ஜன்னல் வெளிச்சத்தில் காகிதத்தைச் சாய்த்தால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் ஒரு செவ்வகமாகத் தெரியும். மரக்கட்டையில் செதுக்கி எடுக்கும் மரச்செதுக்கிலும், துணிச் சல்லடை வழியே மையைத் தள்ளி எடுக்கும் சில்க்ஸ்கிரீனிலும் அந்தப் பள்ளம் இருக்காது; அவையும் ஒரிஜினலாக இருக்கலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

6,500 வெள்ளி ஓவியத்தையும் சுவரிலிருந்து இறக்கித் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், புடவை வாங்கும்போது முந்தானையைப் பிரித்துப் பார்க்காமலா வாங்குகிறோம்? பின்பக்கம்தான் பொய் சொல்லாது. கித்தானை இழுத்துக் கட்டிய மரச்சட்டம் வளைந்திருக்கிறதா, பூஞ்சைக் கறை இருக்கிறதா, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பும் ஆண்டும் ஓவியரே எழுதியிருந்தால் நல்லது. முன்பக்கத்தை லென்ஸில் பார்க்க மறக்காதீர்கள். கித்தானிலும் இங்க்ஜெட் அடிக்கலாம், மேலே நிறமற்ற ஜெல்லைத் தடவித் தூரிகைத் தடம் உண்டாக்கலாம். ரசீதில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, எதனால் செய்தது, அளவு எல்லாம் இருக்க வேண்டும். "படம் ஒன்று" என்று எழுதிய ரசீதோடு திரும்பாதீர்கள்.

நானாக இருந்தால்? தகட்டில் எடுத்ததுதான் என்று தெரிந்தால் 700 வெள்ளிப் படத்தை வாங்கி, இன்னொரு 300 போட்டு நல்ல பிரேம் செய்வேன். நான் அச்சுப்படப் பைத்தியம், என் பேச்சைப் பாதிதான் நம்பலாம். அந்த ஓவியம் ராத்திரி தூக்கத்தில் வருகிறது என்றால் அதையே வாங்குங்கள். சில காலரிகளில் தவணை கேட்டால் கொடுப்பார்கள்.

கேள்வி: அங்கிள், அப்பா ஒரு ஓவியரிடமே நேரில் ஓவியம் வாங்கினார். அதை என் கல்யாணக் கார்டில் போடலாமா? படம்தான் எங்களுடையதாயிற்றே?
— செந்தூல் வாசகர்

பதில்: தம்பி, வாழ்த்துகள். படம் உங்களுடையது, பதிப்புரிமை ஓவியருடையது. நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓவியரின் ஆயுளுக்கும் அதற்கு மேல் 50 ஆண்டுக்கும் அது செல்லும். ஒரு போன் போட்டுக் கேட்டு, சரி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கார்டை அவருக்கே கொடுங்கள்.

கேள்வி: ஹாலில் சாமி மேடைக்கு நேர் எதிர்ச் சுவர்தான் காலி. அங்கே ஓவியம் மாட்டலாமா?
— பிறை வாசகி

பதில்: வேண்டாம். சூடம், சாம்பிராணி, விளக்கு மூன்றின் புகையும் ஒரு வருடத்தில் அக்ரிலிக்கின் மேல் எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்துவிடும். துடைக்கப் போனால் நிறமும் சேர்ந்து வரலாம். வேறு சுவரில் மாட்டும்போது பிரேமின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு இரண்டு ஒட்டுங்கள். மழைக்காலத்தில் நம் சுவர்கள் வியர்க்கும், பின்னால் காற்று போக வேண்டும்.

கேள்வி: கைவசம் ஒரு பிரேம் இருக்கிறது. அச்சுப்படத்தின் வெள்ளை ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் சரியாக உட்காரும். வெட்டலாமா?
— சுங்கைப்பட்டாணி வாசகர்

பதில்: இதைச் செய்தவன்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

கடை திறந்த இரண்டாம் வருடம். ஓர் ஆசிரியை எட்சிங் ஒன்றைக் கொடுத்து, தீபாவளிக்குள் வேண்டும் என்றார். ரெடிமேட் பிரேம் கையில் இருந்தது, நாள் இல்லை. கீழ் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் அளந்து வெட்டினேன். பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. யாரோ கிறுக்கியது என்று நினைத்துவிட்டேன். எண், தலைப்பு, ஓவியரின் கையெழுத்து மூன்றும் குப்பைக் கூடைக்குப் போயின.

படத்தைப் பார்த்ததும் அந்த அம்மா கத்தவில்லை. "வெட்டின துண்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். கூடையைக் கவிழ்த்தேன். டீ பாக்கெட்டுக்கு அடியில் கிடந்தது, ஒரு மூலையில் தேநீர்க் கறை. அதை ஓர் உறையில் போட்டுப் படத்தின் பின்னால் ஒட்டித் தரச் சொன்னார். கூலி வாங்க மறுத்தேன். வலுக்கட்டாயமாகக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்.

வெட்டாதீர்கள். அளவுக்குப் புதுப் பிரேம் செய்யுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமில்லாத மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள். கைவசம் இருக்கும் பிரேமில் மாமனார் போட்டோவைப் போட்டுவிடலாம்.