போஸ்ட்டாக் என்றால் படிப்பா, வேலையா?

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். மகள் கணினிவழி மரபணு ஆய்வில் முனைவர் பட்டம் முடித்துவிட்டாள். இப்போது ஜெர்மனியில் லைப்சிக்கில் ஈராண்டு போஸ்ட்டாக் கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர்கள் "இன்னும் படிப்பு முடியலையா?" என்கிறார்கள். ஒருவர், "ரத்தத்தை வைத்துச் சாதி கண்டுபிடிக்கிற வேலைதானே" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. என் அம்மாவுக்கு 86 வயது. எங்கள் பூர்வீக ஊர் எதுவென்று இந்த ஆய்வு சொல்லிவிடுமா?

ஒரு தந்தை

அன்புள்ள ஐயா,

மகளுக்கு என் வாழ்த்துகள். இது வேலைதான். முனைவர் பட்டம் பெற்றவர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் செய்யும் ஆய்வு. தேர்வும் இல்லை, புதிய பட்டமும் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த இடம் தேட வேண்டும். அந்தக் கவலை மகளுக்கே நிறைய இருக்கும், "எப்போ நிரந்தரம்?" என்று வீட்டில் யாரும் கேட்காமலிருந்தாலே பெரிய உதவி. லைப்சிக் இந்தத் துறைக்குப் பெரிய ஊர். அழிந்துபோன ஆதி மனித இனமான நியாண்டர்தால் மனிதரின் டிஎன்ஏவை எலும்பிலிருந்து படித்தெடுத்து 2010இல் வெளியிட்ட குழு அங்கேதான் இருந்தது. அதை வழிநடத்திய ஸ்வாந்தே பேபோ 2022இல் நோபல் பரிசு பெற்றார்.

சரி, அப்படி என்ன வேலை? பாட்டியின் சேலையை நினைத்துப் பாருங்கள். முதலில் முழுசாகப் பெட்டியில் இருக்கும். பிறகு கிழித்து ஏணை கட்டுவோம். அப்புறம் தலையணை உறை, கடைசியில் அடுப்படியில் கரித்துணி. துண்டின் அளவைப் பார்த்தே அந்தச் சேலை வீட்டுக்கு வந்து எவ்வளவு காலமிருக்கும் என்று ஊகிக்கலாம். டிஎன்ஏவும் அப்படித்தான். வேறு வேறு கூட்டத்தார் இருவர் மணந்தால் பிள்ளையிடம் இரு பக்கத்துக் குரோமோசோம்களும், அதாவது டிஎன்ஏ இழைகளும், முழு நீளத்தில் இருக்கும். பேரப்பிள்ளைக்குப் போகும்போது அவை வெட்டுப்பட்டு ஒட்டுப்படும். தலைமுறைக்குத் தலைமுறை துண்டு சிறுத்துக்கொண்டே போகும். அந்த நீளத்தை அளந்து, கலப்பு எத்தனை தலைமுறைக்கு முன் நடந்தது என்று கணக்கிடுகிறார்கள். டிஎன்ஏ நான்கு வகை வேதிப்பொருள்கள் வரிசையாகக் கோத்தது, அவற்றை எழுத்துகள் என்பார்கள். ஒரு மனிதருக்கு 300 கோடி எழுத்துகள். நூற்றுக்கணக்கானவர்களை ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் கணினி.

இந்தியத் துணைக்கண்டத்தின் 73 குழுக்களை இப்படி அளந்த ஓர் ஆய்வு 2013இல் வந்தது. ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே பெரும் கலப்பு நடந்திருக்கிறது. உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது அதற்குப் பிறகுதான் இறுகியது. உங்கள் சொந்தக்காரரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் சாதித் தூய்மையைத் தேடிப் போனால் அகப்படுவது கலப்புதான்.

உங்கள் ஊருக்கும் இதில் பங்குண்டு. சுங்கை சிப்புட் மலைப்பக்கம் தெமியார் மக்கள் இருக்கிறார்களே, அவர்களைப் போன்ற இந்நாட்டுப் பூர்வகுடிகளிடம் ரத்தச் சிவப்பணு முட்டை வடிவில் இருப்பது பரவலாகக் காணப்படுகிறது. ஒரு மரபணுவில் 27 எழுத்துகள் விடுபட்டதால் வந்தது. அது கடுமையான மலேரியாவிலிருந்து காக்கும். ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் குழந்தை பிழைப்பது அரிது. காட்டை அழித்து ரப்பர் பால்மரம் நட்ட காலத்தில் நம்மவர்கள் அந்தக் காய்ச்சலில்தான் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். மலேரியா உள்ள இடத்தில் உயிர் காக்கும் மாற்றம் தலைமுறைகளில் பரவுகிறது. பரிணாமம் என்ற சொல் எனக்கு உறைத்தது இதைப் படித்தபோதுதான்.

பூர்வீக ஊர் விஷயத்துக்கு வருகிறேன். டிஎன்ஏ ஊர்ப் பெயரைச் சொல்லாது. இன்ன பகுதி மக்களோடு நெருக்கம் என்பதோடு நின்றுவிடும். என் பாட்டி "சேலம் பக்கம்" என்பார். சேலம் பக்கம் எங்கே என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றியபோது அவர் இல்லை. உங்கள் அம்மா இருக்கிறார். மகள் விமானம் ஏறுவதற்குள் பாட்டியும் பேத்தியும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரட்டும். அவரைப் பெற்றவர்கள் எந்த ஊர், நாகப்பட்டினத்திலா சென்னையிலா கப்பல் ஏறினார்கள், கங்காணி யார், பினாங்கில் இறங்கி முதலில் போன தோட்டம் எது, லயத்தில் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளட்டும்.