ஸ்விட்ச் 2 கையில் எடுத்ததும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நின்டெண்டோ நிறுவனத்தின் புதிய கையடக்க விளையாட்டுக் கருவியான ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5ஆம் தேதி அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் விற்பனைக்கு வந்தது. முதல் நான்கு நாள்களில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றதாக நிறுவனம் அறிவித்துள்ளது. இதைக் குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

2017இல் வந்த முதல் ஸ்விட்ச் என்னிடம் இருக்கிறது. புதியதைக் கையில் எடுத்தவுடன் வேறுபாடு தெரியுமா?
*— வாசகி, திருச்சி*

நன்றாகவே தெரியும். பழையதில் திரை 6.2 அங்குலம், இதில் 7.9 அங்குலம். ஆனாலும் பருமன் அதே 13.9 மில்லிமீட்டர்தான் என்பதால், பெரிதாகியிருக்கிறதே தவிரத் தடித்துப்போனதாகத் தோன்றவில்லை. பக்கவாட்டுக் கைப்பிடிகளான ஜாய்கான்களையும் சேர்த்து எடை 534 கிராம். மேசையருகே உட்கார்ந்து விளையாடும்போது அது உறைப்பதில்லை. மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேல் தூக்கிப் பிடித்து விளையாடினால் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜாய்கான் பொருந்தும் விதம். பழையதில் தண்டவாளம் போன்ற பள்ளத்தில் மேலிருந்து கீழாகச் செருக வேண்டும். சில ஆண்டுகள் புழங்கியதும் அந்த இணைப்பு தளர்ந்து ஆடும். புதியதில் கைப்பிடியைப் பள்ளத்துக்கு அருகே கொண்டுபோனாலே காந்தம் இழுத்துக்கொள்கிறது. டக்கென்ற ஒலியோடு அது பொருந்திய பிறகு, பின்புறப் பொத்தானை அழுத்தினாலன்றிக் கழலுவதில்லை. கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்குகள் பெரிதாகவும் வழுவழுப்பாகவும் இருக்கின்றன. ஆனால், ஸ்டிக்கில் கை படாமலே விளையாட்டில் உருவம் தானாக நகரும் பழைய கோளாறுக்குத் தீர்வாகப் பலர் எதிர்பார்த்த, காந்தத்தின் மூலம் அசைவை உணரும் ஹால் எஃபெக்ட் தொழில்நுட்பம் இவற்றில் இல்லை என்று நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆகவே அவை எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு இப்போதே யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஓர் எச்சரிக்கை. திரையின் மேல் மெல்லிய படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். கடையில் வாங்கும் பொருளின் மேலுள்ள பாதுகாப்புத் தாளென்று எண்ணி அதை உரித்துவிடாதீர்கள். திரை உடைந்தால் சில்லுகள் சிதறாமல் தடுப்பதற்காக நிறுவனமே அதை நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது.

2025இல் வெளிவந்தபோது விலை ஏறக்குறைய 450 டாலர். புதிய விளையாட்டுகளோ மிகச் சில. இதை வாங்க இப்போது என்ன அவசரம்?
*— வாசகர், சேலம்*

புதிய விளையாட்டுகளுக்காக மட்டும் என்றால் அவசரமே இல்லை. மரியோ கார்ட் வேர்ல்டு சிறப்பாக இருக்கிறது. 24 பேர் ஒரே பந்தயத்தில் ஓடுவதும், ஒரு பந்தயத் தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குச் சாலை வழியே வண்டி ஓட்டிச் செல்வதும் முன்பு இல்லாதவை. ஆயினும் அதன் விலை தனியே 80 டாலர்.

இந்தக் கருவியின் உண்மையான பலன், நீங்கள் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் விளையாட்டுகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. செல்டா வரிசையின் ‘பிரெத் ஆஃப் தி வைல்டு’ பழைய கருவியில் வினாடிக்கு 30 படங்கள் என்ற வேகத்தில்தான் ஓடும்; அடர்ந்த கொரோக் காட்டுக்குள் நுழைந்தால் அதுவும் குறைந்து, நாயகன் நீருக்குள் நடப்பதுபோல் தளர்ந்துவிடுவான். மேம்படுத்திய பதிப்புக்கு 10 டாலர் செலுத்தினால், அதே காட்டில் வினாடிக்கு 60 படங்களுடன் தங்குதடையின்றி ஓடலாம். எத்தனையோ முறை பார்த்த இடத்தை அப்படிப் பார்ப்பது உண்மையிலேயே மனம் நிறையும் அனுபவம். வெளிவந்த நாளிலிருந்து திக்கித் திணறிக்கொண்டிருந்த போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் இரண்டும் இலவச மேம்பாட்டினால் இப்போதுதான் இருக்க வேண்டிய நிலையில் இருக்கின்றன.

எல்லாப் பழைய விளையாட்டுகளும் இப்படி மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். கருவியை இயக்கும் புதிய சில்லு (சிப்) பழையதன் நேரடி வாரிசு அன்று. பழைய விளையாட்டின் கட்டளைகளை ஓடும்போதே மென்பொருள் மாற்றித் தர வேண்டியிருக்கிறது. மேம்பாடு வெளியிடப்படாத விளையாட்டுகள், பழைய சிறிய திரைக்கென்று அமைந்த குறைந்த தெளிவில் இந்தப் பெரிய திரையில் விரிவதால், சற்று மங்கலாகவே தெரிகின்றன. உங்களிடம் இருப்பவற்றில் எவற்றுக்கு மேம்பாடு வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னிடம் ஓஎல்இடி திரை கொண்ட 2021ஆம் ஆண்டு மாடல் உள்ளது. புதிய திரை அதைவிட மேலானதா?
*— வாசகர், பெங்களூரு*

தெளிவில் மேல், கறுப்பில் கீழ். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு முழுக் கறுப்பாகத் தெரியும்; இதுவோ பின்னாலிருந்து ஒளியூட்டப்படும் 1080பி (1920×1080 புள்ளிகள்) எல்சிடி திரை. இருட்டு அறையில் இரவுக் காட்சிகளைப் பார்த்தால் கறுப்பு சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திறன் இருந்தும், வேகமாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் உருவங்களின் விளிம்பு கலங்குகிறது. முழுக்க முழுக்கக் கையில் வைத்தே விளையாடுபவராக இருந்தால் சற்றுப் பொறுத்திருங்கள் என்பேன். தொலைக்காட்சியோடு இணைக்கும் டாக் என்ற தாங்கியில் செருகித் தொலைக்காட்சியில் விளையாடுபவருக்கு, 4கே வரை படம் கிடைக்கும் என்பதால், இந்தக் குறை பொருட்டே அன்று.

பழைய மெமரி கார்டையும் விளையாட்டு அட்டைகளையும் இதில் பயன்படுத்தலாமா?
*— வாசகி, கோவை*

பழைய விளையாட்டு அட்டைகள், மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஓடும். பழைய மைக்ரோஎஸ்டி கார்டில் விளையாட்டுகளைச் சேமிக்க முடியாது; எடுத்து வைத்த படங்களையும் காணொளிகளையும் மாற்றிக்கொள்ள மட்டுமே அது உதவும். மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்று குறிப்பிட்ட கார்டுதான் தேவை. அது விலை கூடியது. உள்ளே 256 ஜிபி இருப்பதால் உடனே வாங்க வேண்டியதில்லை.

புதிய அட்டைகளை வாங்கும்போது பெட்டியின் முகப்பைக் கவனியுங்கள். ‘கேம் கீ கார்டு’ என்றிருந்தால் அந்த அட்டைக்குள் விளையாட்டு இருக்காது, திறவுகோல் மட்டுமே இருக்கும். முழு விளையாட்டையும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், விளையாடும்போது அட்டையும் செருகியிருக்க வேண்டும். அட்டையை இன்னொருவருக்கு இரவல் தரலாம், விற்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இறக்கித் தரும் சேவை என்றைக்கேனும் நின்றுபோனால் கையில் மிஞ்சுவது வெறும் பிளாஸ்டிக் என்பதால், இந்த ஏற்பாட்டை என்னால் வரவேற்க முடியவில்லை. சைபர்பங்க் 2077 போன்ற பெரிய விளையாட்டையே 64 ஜிபி அட்டையில் முழுமையாகத் தந்திருக்கும்போது மற்றவர்களும் அப்படிச் செய்திருக்கலாம்.

ஜப்பானில் வேலை செய்யும் என் அண்ணன் அங்கே விலை மிகக் குறைவு என்கிறார். வாங்கி வரச் சொல்லலாமா?
*— வாசகர், சென்னை*

உங்கள் அண்ணன் சொல்வது 49,980 யென் விலையில் வெளிவந்த மாடலாக இருக்கும். அதில் ஜப்பானிய மொழி மட்டுமே உண்டு. ஜப்பானைத் தம் நாடாகப் பதிவு செய்த கணக்குகளை மட்டுமே அதில் இணைக்க முடியும். உங்கள் இந்தியக் கணக்கிலோ வேறு நாட்டுக் கணக்கிலோ வாங்கிய விளையாட்டுகள் அதில் வாரா. பல மொழிகள் கொண்ட மாடல் அங்கேயே 69,980 யென். வாங்குவதானால் அதைத்தான் வாங்கச் சொல்லுங்கள். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பனை செய்வதில்லை என்பதால், பழுது நீக்குவதற்கும் வாங்கிய நாட்டுக்கே அனுப்ப வேண்டியிருக்கும். இரசீதை உங்கள் அண்ணனிடமே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.