முழங்கால் வீக்கத்துக்கு எண்ணெய் தடவலாமா?

கேள்வி: எட்டு வயதான என் மகனுக்கு ஹீமோபிலியா ஏ (குருதி சரியாக உறையாத நோய்) இருப்பதாக வைத்தியர்கள் கூறியுள்ளனர். விழுந்தால் முழங்கால் வீங்குகிறது; மாமியார் எண்ணெய் தடவி உருவச் சொல்கிறார். எங்கள் பரம்பரையில் எவருக்கும் இல்லாத நோய் எப்படி வந்தது?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: உருவுவதை உடனே நிறுத்துங்கள். குருதி உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி குறைவாக உள்ளதால் மூட்டுக்குள் குருதி கசிவதே அவ்வீக்கம். உருவினால் கசிவு கூடும், அடிக்கடி நிகழ்ந்தால் மூட்டு நிரந்தரமாகப் பழுதடையும். காலை அசைக்காமல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியால் ஒற்றியபடி, காரணி ஊசி ஏற்றக்கூடிய வைத்தியசாலைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்லுங்கள். வலிக்கு வயதுக்குரிய அளவில் பரசிற்றமோல் போதும். அஸ்பிரின், இபுபுரூபன் கூடாது. தசையில் ஊசி போடுவதையும் தவிர்க்க வேண்டும். தலையில் அடிபட்டால், பிள்ளை சிரித்து விளையாடினாலும் காத்திருக்க வேண்டாம்.

இந்நோய்க்குரிய மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் பெரும்பாலும் தாய்வழியே மகனுக்குக் கடத்தப்படுகிறது; எனினும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இல்லாமலே புதிய மரபணு மாற்றத்தால் தோன்றுகிறது. ஆகவே உங்களைக் குறைகூறுவோர் (கடிதத்தில் அதன் சாயல் தெரிகிறது) அறியாமையால் பேசுகின்றனர். நோய் விவரம் எழுதிய அட்டையைப் புத்தகப் பையில் வைத்து, வகுப்பாசிரியருக்கும் தெரிவித்துவிடுங்கள்.